மாதம் பத்து சதவீத வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனத்தில் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: ஆரணி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்த்து வந்த தொகையில் இருபது லட்சம் ரூபாய் இப்போது சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. என் தாய்மாமன் மகன் ஒரு தனியார் நிறுவனத்திற்கு ஆள் சேர்த்துவிடும் வேலையைச் செய்து வருகிறார். ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் ரூபாய் வட்டி என்றும், பன்னிரண்டு மாதம் கழித்து அசலும் முழுமையாகத் திரும்பும் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. தங்கம், வெளிநாட்டு நாணய வர்த்தகம், நிலம் ஆகியவற்றில் முதலீடு செய்து லாபம் ஈட்டுவதாக அவர்களுடைய விளம்பரத் தாளில் இருக்கிறது.

அப்பா சோதனைக்காக ஒரு லட்சம் போட்டுப் பார்த்தார். நான்கு மாதமாக, ஐந்தாம் தேதி தவறாமல் பத்தாயிரம் ரூபாய் கணக்கில் வந்துவிடுகிறது. இப்போது மீதமுள்ள இருபது லட்சத்தையும் போட்டுவிடலாம் என்று உறுதியாக இருக்கிறார். நான் தடுத்தால், "வட்டி கண்ணெதிரே வருகிறது, இதற்கு மேல் உனக்கு என்ன ஆதாரம் வேண்டும்" என்று கேட்கிறார். நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. சான்றிதழ், உத்யம் பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை மாமா மகன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தமும், தேதி எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலையும் தந்திருக்கிறார்கள். இவற்றை வைத்து இந்த நிறுவனம் நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்பாவிடமும், உறவு முறியாமல் மாமா மகனிடமும் இதை எப்படிப் பேசுவது? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், வேலூர்

சகோதரிக்கு வணக்கம். இருபது லட்சமும் இன்னும் உங்கள் அப்பாவின் கணக்கில்தான் இருக்கிறது என்பதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. தயவுசெய்து அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இப்போதைக்கு நகர்த்த விடாதீர்கள்.

அவர்கள் கொடுத்த சான்றிதழ்களில் இருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் படித்தவர்களும் ஏமாறும் இடம் அதுதான். நிறுவனப் பதிவுச் சான்றிதழ் அப்படியொரு கம்பெனி சட்டப்படி தோற்றுவிக்கப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ஜி.எஸ்.டி. எண் அவர்கள் வரி செலுத்தப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்கானது. உத்யம் பதிவை எந்தச் சிறு வணிகரும் இணையத்தில் தம் விவரங்களைத் தாமே உள்ளிட்டுப் பெற்றுவிடலாம். ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கும் பொதுமக்களிடம் பணம் வாங்குவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவை அத்தனையும் உண்மையான சான்றிதழ்களாகவே இருக்கலாம். ஆனால் மக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் அனுமதியை இவற்றில் ஒன்றுகூட அளிப்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "கம்பெனி பதிவானதா?" என்பதல்ல, "பொதுமக்களிடம் வைப்புத்தொகை ஏற்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார், அந்த அனுமதிக் கடிதம் எங்கே?" என்பதுதான்.

அந்த அனுமதியை அளிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. வங்கி அல்லாத நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் பதிவு வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு வைப்புத்தொகை ஏற்க அனுமதி கிடையாது. அனுமதி உள்ளவற்றின் பட்டியலை ரிசர்வ் வங்கி தனியாகவே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் நிறுவனம்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாகவோ அறுபது மாதத்துக்கு மேலாகவோ வைப்புத்தொகை வாங்கக் கூடாது. உங்கள் மாமா மகன் சொல்வது மாதத்துக்குப் பத்து, அதாவது ஆண்டுக்கு நூற்றிருபது சதவீதம். சட்டப்படி அனுமதி பெற்ற எந்த நிறுவனமும் இந்த வட்டியைத் தரவே முடியாது என்பதால், வேறு எதையும் விசாரிக்காமலே இந்த ஓர் எண்ணை வைத்து முடிவுக்கு வந்துவிடலாம்.

"நாங்கள் நிதி கம்பெனி" என்று சொன்னால் அதற்கும் விதிகள் உண்டு. 'நிதி' (Nidhi) என்பது உறுப்பினர்களுக்குள்ளேயே சேமிப்பும் கடனும் நடத்தும் ஒரு வகைக் கம்பெனி. அது தன் உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்புத்தொகை வாங்கலாம். வைப்புத்தொகை கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகு தரக் கூடாது. உங்கள் மாமா மகனுக்குத் தரகு வருகிறது என்றால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. விதிகளுக்கு உட்பட்ட நிதி நிறுவனம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு பணம் போடலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். 1872இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் நிதி நிறுவனத்தில் பணம் போட்டிருந்த முதியவர்கள், முதிர்வுத் தொகை கிடைக்கவில்லை என்று 2024இல் புகார் கொடுத்துக் காத்திருக்க நேர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இனி, "வட்டி கண்ணெதிரே வருகிறதே" என்ற அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் ஆசிரியர் என்பதால் தாளும் பேனாவும் எடுத்து அவருடன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் நிறுவனத்திடம் ஒரு கோடி சேர்கிறது. ஆள் சேர்த்தவர்களுக்குப் பத்து சதவீதம் தரகு கொடுத்தால் தொண்ணூறு லட்சம் மிஞ்சும். நூறு பேருக்கும் மாதம் பத்தாயிரம் வீதம் பத்து லட்சம் வட்டி கொடுக்க வேண்டும். அந்த நிறுவனம் எந்தத் தொழிலும் செய்யாமல், ஒரு குண்டுமணித் தங்கம்கூட வாங்காமல், அந்த மக்களுடைய பணத்தையே எடுத்து அவர்களுக்கே கொடுத்தாலும் ஒன்பது மாதத்துக்கு வட்டி ஒழுங்காக வரும். ஒன்பதாவது மாத முடிவில் பெட்டி காலி. அசலுக்கு ஒன்றுமே இருக்காது. அதற்குள் புதிதாக இருநூறு பேரைச் சேர்த்துவிட்டால் பழைய நூறு பேருக்கு அசலைக்கூடத் திருப்பிக் கொடுத்துக் காட்டலாம். அப்படி வாங்கியவர்கள்தான் ஊரெல்லாம் சொல்லி அடுத்த ஆயிரம் பேரைக் கூட்டி வருவார்கள். உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதத்தில் வந்த நாற்பதாயிரம் அவரே போட்ட ஒரு லட்சத்தின் ஒரு பகுதியாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. இருபது லட்சத்தைக் கொண்டுவர வைப்பதற்காகச் செலவிடப்படும் தொகை அது.

நம் மாநிலத்தில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2009இல் திருப்பூரில் வெளிநாட்டு நாணய வர்த்தகம் என்று சொல்லிப் பணம் வாங்கிய பாசி நிறுவனம், 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள், பிறகு ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்று வரிசையாகச் சொல்லலாம். ஆருத்ரா வழக்கில், மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று நம்பிச் சுமார் ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் போட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. அவர்களில் பெரும் பகுதியினர் வட மாவட்டக்காரர்கள், உங்கள் ஆரணியைச் சுற்றியிருந்தவர்களும் அதில் உண்டு. ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் தொழில்தான் மாறுகிறது. பணம் உள்ளே வந்து வெளியே போகும் கணக்கு மாறுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பா அந்த ஒரு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தாரா, வங்கி வழியாகவா? இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள வைப்புத்தொகையை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. "ரொக்கமாகக் கொடுத்தால் கூடுதல் வட்டி" என்று யாராவது சொன்னால், நாளை நீங்கள் பணம் கொடுத்ததற்கே சாட்சி இல்லாமல் செய்யும் ஏற்பாடு அது.

பதில்: வழக்கறிஞர், கோயம்புத்தூர்

மேலே ஐயா விளக்கியிருப்பதோடு சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். 1990களில் சென்னையிலும் பிற நகரங்களிலும் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோதுதான் 1997இல் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. முதிர்வுத் தொகையையோ ஒப்புக்கொண்ட வட்டியையோ தராத நிறுவனத்தை நடத்துபவர்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. சொத்துக்களை முடக்கி, தகுதி பெற்ற அதிகாரியாக நியமிக்கப்படும் மாவட்ட வருவாய் அலுவலர் மூலம் விற்று, கிடைத்த தொகையைப் பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பதே அதன் முறை. இதற்கென்று தனி நீதிமன்றங்களும் இருக்கின்றன. ஆனால் திருப்பூர் வழக்கில் 2009இல் வெளிவந்த மோசடிக்குத் தண்டனை வந்தது 2022இல். அறுபது வயதில் போட்ட பணத்துக்காக எழுபத்து மூன்று வயதில் தீர்ப்பைக் கேட்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் அப்பா தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் இருக்கிறது என்ற துணிவில் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட முத்திரைத்தாள் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். என்னிடம் வரும் இத்தகைய தாள்களில் 'வைப்புத்தொகை', 'வட்டி' என்ற சொற்களே பெரும்பாலும் இருப்பதில்லை. பணம் கொடுத்தவரை 'வணிகப் பங்குதாரர்' என்றும், வட்டியை 'லாபப் பங்கு' என்றும், அசலை 'வர்த்தக முன்பணம்' அல்லது 'கைமாற்றுக் கடன்' என்றும் எழுதியிருப்பார்கள். லாப நட்டத்துக்கு இரு தரப்பும் பொறுப்பு என்று ஒரு வரி நடுவில் இருக்கும். கையெழுத்துப் போடும்போது வாயால் சொன்ன உத்தரவாதம் எதுவும் தாளில் இருக்காது. உங்களிடம் உள்ளதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தேதியிடாத காசோலையையும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அதை வெறும் பிணையாகத்தான் தந்தோம் என்று பிறகு வாதிட அது இடம் கொடுக்கும். கணக்கில் பணம் இல்லாத காசோலை எத்தனை இருந்தாலும் பயன் இல்லை.

உங்கள் மாமா மகனைப் பற்றி. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத்திட்டத் தடைச் சட்டம் நிறுவனத்தை நடத்துபவர்களோடு நின்றுவிடுவதில்லை. தெரிந்தே பொய்யான வாக்குறுதி அளித்தோ முக்கியமான உண்மையை மறைத்தோ பிறரை அத்தகைய திட்டத்தில் சேர்த்துவிடும் எவருக்கும் ஓராண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. அவர் ஏமாற்றும் எண்ணம் உடையவர் என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் இத்தகைய முகவர்களில் பலர் தம் மனைவியின் நகையையும் அடகு வைத்து அதே நிறுவனத்தில் போட்டவர்கள். ஆனால் நிறுவனம் மூடப்படும் நாளில் ஊர்மக்கள் கதவைத் தட்டப்போவது அவர் வீட்டைத்தான். நிறுவன உரிமையாளரின் முகவரிகூட அவர்களுக்குத் தெரியாது. எனவே அவரிடம் பேசும்போது குற்றம்சாட்டும் தொனியில் பேசாமல், "இதில் நீயும் மாட்டிக்கொள்வாய், ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதத்தை எழுத்தில் வாங்கிப் பார்" என்று அவருடைய நன்மைக்காகப் பேசுங்கள். உண்மையும் அதுதான்.

பதில்: காஞ்சிபுரம் வாசகி

எங்கள் பெரியப்பா குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் உங்கள் அப்பாவுக்குப் பயன்படலாம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பதினொரு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் பணம் வந்தது. பிறகு வாட்ஸ்அப் குழுவில், வங்கிக் கணக்கை மாற்றுவதால் இந்த மாதம் பதினைந்து நாள் தாமதமாகும் என்று ஒரு செய்தி வந்தது. அடுத்த மாதம் மென்பொருள் பராமரிப்பு என்றார்கள். அதற்கடுத்து, அசலைத் திரும்பக் கேட்காமல் மேலும் ஓராண்டு நீட்டிப்பவர்களுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் என்று அறிவித்தார்கள். பெரியப்பாவும் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் காலையில் அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று மாற்றியிருந்தார்கள். கேள்வி கேட்கவே வழியில்லாமல் போனது. அன்று மாலை அலுவலகத்துக்குப் போனவர்கள் ஷட்டர் இறங்கியிருந்ததைப் பார்த்தார்கள்.

இதோடு துன்பம் முடியவில்லை. சில மாதங்கள் கழித்து ஒருவர் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, நீதிமன்றத்திலிருந்து பேசுவதாகவும், அவருடைய பணம் விடுவிக்கப்பட்டுவிட்டதாகவும், செயலாக்கக் கட்டணம் அனுப்பினால் மறுநாளே கணக்கில் வரும் என்றும் சொன்னார். அவருடைய பத்திர எண், போட்ட தொகை, தேதி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதால் பெரியப்பா நம்பி அனுப்பிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் கைமாறி வேறு ஒரு கூட்டத்திடம் போயிருக்கிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று யார் முன்பணம் கேட்டாலும் அது இரண்டாவது மோசடி என்பதைத் தயவுசெய்து எல்லோரும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். காவல்துறையில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. நல்லவேளையாக என் அண்ணன் அப்போதே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்ததால், இரண்டாவது முறை அனுப்பிய தொகையில் ஒரு பகுதியைப் போன இடத்திலேயே முடக்க முடிந்தது. இணையவழியில் பணம் போனால் அந்த எண்ணுக்கு எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரியப்பா இன்றும் வெளியில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அவரை நாங்கள் எல்லோரும் கேள்வி மேல் கேள்வி கேட்டதுதான் காரணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. உங்கள் அப்பாவிடம் பேசும்போது, பேராசை என்ற சொல் உங்கள் வாயில் வர வேண்டாம். அவர் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் இந்த வட்டியைக் கணக்குப் போட்டிருப்பார்.

கேள்வி கேட்டவர்: ஆரணி மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வங்கி ஐயா சொன்ன நூறு பேர் கணக்கை அப்பாவுடன் உட்கார்ந்து போட்டேன். முதலில் மறுத்தார், பிறகு தரகு ஐந்து சதவீதம் மட்டுமே என்று வைத்து அவரே மறுபடி போட்டுப் பார்த்தார். பத்தாவது மாத வட்டிக்கே பணம் போதவில்லை. அதன் பிறகு அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் மாமா மகன் வந்தபோது அப்பாவே, ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். "மாமா, அதெல்லாம் தலைமை அலுவலகத்துல இருக்கு, இந்த மாசக் கடைசிக்குள்ள போட்டாத்தான் தங்கக் காசு உண்டு, உங்க பணத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கடிதம் வரவில்லை. ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்தோம். வழக்கறிஞர் ஐயா சொன்னபடியே, அதில் அப்பாவை 'வணிகப் பங்குதாரர்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டு சந்தேகங்கள். ஏற்கெனவே போட்ட ஒரு லட்சத்தை எப்படித் திரும்பக் கேட்பது? இருபது லட்சத்தை வேறு எங்கே போட்டால் அப்பாவுக்கு மாதச் செலவுக்கு ஏதாவது வரும்?

பதில்: வழக்கறிஞர், கோயம்புத்தூர்

ஒரு லட்சத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அசலைத் திரும்பப் பெற விரும்புவதாக அப்பாவின் கையெழுத்தோடு நிறுவன முகவரிக்கு விநியோகச் சான்றுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், காசோலை, வங்கிக் கணக்கு அறிக்கை, மாமா மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் குரல் பதிவுகளும், விளம்பரத் தாள் ஆகிய எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள். மூல ஆவணங்களை, "புதுப்பித்துத் தருகிறோம்" என்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். பணத்தைத் தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். அதற்கு முன்பே, ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் அந்த நிறுவனம் அனுமதியின்றி வைப்புத்தொகை வாங்குகிறது என்று இப்போதே தகவல் தெரிவிக்கலாம். ஏமாந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நீங்கள் இன்று சொன்னால் உங்கள் தெருவில் நாளை பணம் போடவிருக்கும் ஒருவருக்கு அது உதவும்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், வேலூர்

அப்பா தாமே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். என் மரியாதையை அவருக்குத் தெரிவியுங்கள்.

அறுபது வயது நிறைந்தவர் என்பதால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அவருக்குப் பொருந்தும். அஞ்சலகத்திலும் பெரும்பாலான வங்கிகளிலும் தொடங்கலாம். 2023 ஏப்ரல் முதல் உச்சவரம்பு முப்பது லட்சம். வட்டியை மத்திய அரசு ஒவ்வொரு காலாண்டும் அறிவிக்கிறது என்றாலும், கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டியே ஐந்து ஆண்டுக்கும் நிலைக்கும். அண்மைக் காலமாக இருந்துவரும் 8.2 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் இருபது லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். மாதத்துக்குச் சுமார் பதின்மூன்றாயிரத்து அறுநூறு. மாதம் இரண்டு லட்சம் என்று மனத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு இது சிறியதாகத் தெரியலாம், ஆனால் இது அரசு தரும் பணம், அசல் அப்படியே இருக்கும்.

முழுவதையும் அதிலேயே முடக்காமல், மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்காக இரண்டு மூன்று லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாக வைப்பது நல்லது. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. தனியார் நிறுவனங்கள் வாங்கும் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது என்பதையும் மாமா மகனிடம் சொல்லுங்கள். அஞ்சலகத்துக்கு ஆதார், பான் அட்டை, புகைப்படங்கள் எடுத்துச் செல்லுங்கள். ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் காசோலையாகத்தான் கொடுக்க வேண்டும். வாரிசு நியமனத்தில் அம்மாவின் பெயரை அன்றே எழுதிவிடச் சொல்லுங்கள்.